கருவாட்டைச் செய்தியாக்கும் கலை

ஓர் உணவு எங்கிருந்து வந்தது, யார் கையில் உருவானது, என்ன விலைக்குப் போனது என்பவற்றை நேரில் கண்டும் கேட்டும் உறுதிசெய்து எழுதும் பணியே உணவு இதழியல் எனப்படும். சுவையை விவரிப்பது அதன் கடைசிப் படி மட்டுமே என்பதை, மன்னார்த் தீவின் தென்கரையிலுள்ள ஓலைத்தொடுவாயில் கருவாட்டைப் பற்றி எழுத முனைபவர் விரைவில் உணர்ந்துகொள்வார்.

மீனின் வயிற்றைக் கீறிக் குடலையும் செவுளையும் நீக்கி, பருத்த மீனாயின் சதையிலும் ஆழக் கோடுகள் கீறி உப்பை அடைத்து அடுக்கும்போது, உப்பு தசையிலுள்ள நீரை வெளியே இழுக்கிறது. நீர் குறைந்த தசையில் அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் பெருக இயலாமையாலேயே கருவாடு கெடாதிருக்கிறது. முள்ளையொட்டிய தடித்த சதையை விரலால் அழுத்துகையில் அது குழைந்தால் உலர்ச்சி போதாது. மேலே இளஞ்சிவப்புப் படலம் தோன்றினால் உப்பிலும் வாழவல்ல நுண்ணுயிர்கள் பற்றிவிட்டன. இந்த இரண்டையும் பார்க்கத் தெரியாதவர் 'தரமான கருவாடு' என்று எழுதுவதில் பொருளில்லை.

காலமும் அறியப்பட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மீன் காயாது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடா கொந்தளிப்பதால் தென்கரையில் தொழில் தளரும். எனவே ஒரே பயணத்தில் எழுதப்படும் கட்டுரை ஒரு பருவத்தின் படத்தையே தரும்.

1957இல் நியூயோர்க் டைம்ஸ் நாளிதழின் உணவுப் பகுதி ஆசிரியரான கிரெய்க் கிளைபோர்ன், தம்மை வெளிப்படுத்தாமல் ஒரே உணவகத்துக்குப் பலமுறை சென்று, செலவைப் பத்திரிகையே ஏற்க, மதிப்பிடும் முறையை நிலைநாட்டினார். மீனவர் வாடியில், அதாவது கரையோரத் தொழிற்குடிலில், அம்முறையின் பாதியே பொருந்தும்: பலமுறை செல்வதும் வாங்கியதற்குக் காசு கொடுப்பதும் இங்கும் தேவை, ஆனால் மறைந்திருப்பது முறையாகாது, எழுத வந்திருப்பதைச் சொல்லிவிட்டே கேட்க வேண்டும்.

விலையை எழுதுபவர் கடலையும் எழுதியாக வேண்டும். கடலடியை வாரிச் செல்லும் இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தபோதும், எல்லை தாண்டி வரும் இந்திய இழுவைப் படகுகள் சிறு மீனவரின் வலைகளை அறுப்பது வட பகுதியின் நீண்டகாலத் துயரமாகும். கொழும்பு புறக்கோட்டை மொத்தக் கடையின் விலையை மட்டும் கேட்டு எழுதினால் அறுந்த வலையின் செலவும், மீன் வெட்டும் பெண்களின் நாட்கூலியும் கட்டுரையில் இடம்பெறாமலே போகும்.

சமையற்குறிப்புக்கும் இதே கண்டிப்பு வேண்டும். மீனும் நண்டும் சேரும் கூழுக்கான ஒடியல்மா, அவிக்காமல் உலர்த்திய பனங்கிழங்கை இடித்துப் பெறுவது. அதை நீரில் ஊறவைத்து, மேலே தெளியும் நீரை வடித்த பின்னரே கூழில் கரைக்க வேண்டும். அந்த ஒரு வரியை விட்டுவிட்டு அச்சாகும் குறிப்பை நம்பிச் சமைப்பவருக்குக் கசப்புக் கூழே கிடைக்கும் என்பதால், குறிப்பை எழுதுபவர் சமைப்பவரின் அருகில் நின்று பார்த்து, பின்னர் தாமும் ஒருமுறை சமைத்த பிறகே அதை அச்சுக்கு அனுப்ப வேண்டும்.