பாலை நடுவே ஒரு பட்டணம் – 6: சுதேசி யார்?

மொஹாவி பாலைவனத்தின் நடுவே, சாமான் லாரிக்குப் பின்னாலேயே பிரயாணம் செய்து லாஸ் வேகாஸ் நகருக்கு வந்து சேர்ந்த கதையைச் சென்ற வாரம் சொல்லி நிறுத்தினேன். வந்த மூன்றாம் நாள் இரவு, அடுத்த வீட்டில் வசிக்கும் பிலிப்பைன்ஸ் தேசத்து மூதாட்டி ஊதா ஒளி வீசும் டார்ச் விளக்கு ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் கொல்லைச் சுவரின்மேல் அடித்தார். மண்ணின் நிறத்தோடு நிறமாய் ஒட்டிக்கொண்டு கண்ணுக்கே தென்படாதிருந்த தேள் ஒன்று, அந்த ஒளி பட்ட மாத்திரத்தில் பச்சைப் பளிங்குபோல் ஜொலித்தது. "குழந்தைகளை வெறுங்காலோடு வெளியே விடாதீர்கள்" என்று எச்சரித்தவர், "இந்த ஊரின் சுதேசி இவன் ஒருவன்தான், நாமெல்லாரும் பிழைக்க வந்தவர்கள்" என்று சொல்லிச் சிரித்தார்.

வேடிக்கைப் பேச்சுதான், ஆனால் ஜனத்தொகைக் கணக்கும் ஏறக்குறைய அதையே சொல்கிறது. நெவாடா மாநிலத்தில் வசிப்பவர்களுள் அம்மாநிலத்திலேயே பிறந்தவர்கள் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். இந்நகரைத் தன்னகத்தே கொண்ட கிளார்க் கவுண்டியில் 1950-ஆம் ஆண்டு 48,289 பேரே இருந்தார்கள், 2020-இலோ 22,65,461 பேர். ஆகையால் இங்கே யாரோடு சம்பாஷணை ஆரம்பித்தாலும், பெயரைக் கேட்பதற்கு முன் எந்த ஊரிலிருந்து வந்தீர்கள் என்று கேட்பதே சம்பிரதாயமாக இருக்கிறது.

வந்தவர்களெல்லாரும் ஏதோ ஒரு வேலையைத் தேடி வந்தவர்களே. 1905 மே 15-ஆம் தேதி ரயில்வே கம்பெனி மனைகளை ஏலம் விட்டபோது வியாபாரிகள் வந்தார்கள். 1931-இல் சூதாட்டம் சட்டபூர்வமான அதே ஆண்டில் ஹூவர் அணையின் வேலையும் தொடங்க, கூலியாட்கள் குவிந்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்தின்போது அண்டை ஊரான ஹெண்டர்சனில் எழுந்த மெக்னீசியம் தொழிற்சாலையை நாடி, அர்க்கன்சாவிலும் லூயிசியானாவிலும் பருத்திக்காட்டையும் மரவாடியையும் நம்பியிருந்த கறுப்பின மக்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அவர்களுக்கு வாய்த்த வாசஸ்தலம் தண்டவாளத்துக்கு மேற்கேயிருந்த வெஸ்ட்சைட் ஒன்றுதான். சாமி டேவிஸ் ஜூனியர் போன்ற புகழ்பெற்ற கலைஞர்கள்கூட, பெரிய ஹோட்டல்களின் மேடையில் ஆடிப் பாடிக் கரகோஷம் பெற்ற பிறகு, அதே ஹோட்டலில் படுக்க ஓர் அறை கிடைக்காமல் வெஸ்ட்சைடுக்கே திரும்ப வேண்டியிருந்தது. நிறபேதத்தைக் கைவிட ஹோட்டல்காரர்கள் இசைந்த 1960 மார்ச் மாதத்து ஒப்பந்தத்துக்குப் பிறகே அக்கதவுகள் அவர்களுக்குத் திறந்தன.

இன்று கவுண்டியில் பத்துப் பேருக்கு மூன்று பேர் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். ஆசிய வம்சத்தாருள் பிலிப்பைன்ஸ்காரர்களே மிகுதி. ஹோட்டல் அறைகளில் படுக்கை விரிப்பவர்களும் சமையற்கட்டில் உழைப்பவர்களும் பாஷை பேதமின்றி ஒன்றுகூடும் கலினரி தொழிற்சங்கத்தில் ஏறக்குறைய 60,000 பேர் அங்கம் வகிக்கிறார்கள். நம் மூதாட்டியும் இருபது வருஷம் ஹோட்டல் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்தாம்.

ஆனாலும் அவர் சொன்னதில் ஒரு திருத்தம் உண்டு. ரயிலுக்கும் ஏலத்துக்கும் எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே, இப்பள்ளத்தாக்கின் ஊற்றுகளை அண்டி தென் பையூட் மக்கள் வாழ்ந்திருந்தார்கள். ஊர் வளர வளர அவர்கள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். 1911-இல், ஹெலன் ஸ்டூவர்ட் என்ற பண்ணைக்காரப் பெண்மணி அரசாங்கத்துக்கு விற்ற 10 ஏக்கர் நிலமே அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. நகருக்கு வெளியே வடமேற்கில் அவர்களுக்கு விஸ்தாரமான நிலம் கிடைக்க 1983 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஊரிலுள்ள அந்தப் பத்து ஏக்கர் இன்றும் அவர்கள் வசமே இருக்கிறது. அதைச் சுற்றிலும் கட்டடங்கள் நெருக்கி நிற்கின்றன. அங்கே போய், எந்த ஊரிலிருந்து வந்தீர்கள் என்று கேட்க எனக்கு நா எழாது.

அவர்கள் அண்டி வாழ்ந்த அந்த ஊற்றுகள் என்ன ஆயின என்பதையும், ஸ்பானிய மொழியில் 'புல்வெளிகள்' என்று பொருள்படும் பெயரைத் தாங்கிய ஊரில் அழகுக்காக வளர்த்த புல்லைச் சட்டம் போட்டுப் பிடுங்க நேர்ந்த விசித்திரத்தையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)