கப்பல் சட்டங்களும் தோல் வியாபாரமும்

கும்பினி ஆட்சியில், சிப்பாய் எழுச்சிக்கு முந்திய ஆண்டான 1856-ல் இயற்றப்பட்ட சரக்குச் சீட்டுச் சட்டம், நாம் சுதந்திரம் பெற்று 77 ஆண்டுகள் கழிந்த பின்னும் நம்மை ஆண்டு வந்தது. 2025-ம் வருஷத்தில் பார்லிமெண்டு அதை நீக்கிப் புதுச் சட்டம் செய்தது. 1908-ம் வருஷத்துத் துறைமுகச் சட்டமும், 1925-ம் வருஷத்துக் கடல்வழிச் சரக்குச் சட்டமும், 1958-ம் வருஷத்து வர்த்தகக் கப்பல் சட்டமும் அதே வருஷத்தில் மாற்றப்பட்டன. கரையோரக் கப்பல் போக்குவரத்துக்கெனத் தனிச் சட்டமும் ஏற்பட்டது. இவற்றை நாம் வரவேற்கிறோம். ஆயினும் பழைய கள்ளைப் புதிய மொந்தையில் வார்த்தால் போதுமா என்பதே கேள்வி.

கடலைக் காணாத நெமிலிக்கு இதனால் என்ன என்று சிலர் கேட்கலாம். இராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பதனிட்ட தோலும், தைத்த பாதரட்சையும் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறுகின்றன. ஏறிய கணத்தில் வியாபாரியின் கையில் மிஞ்சுவது ஒரு சீட்டுத்தான். அதுவே ரசீது, அதுவே ஒப்பந்தத்தின் சாட்சியம், சரக்கின் உரிமையும் அதுவே. பாங்கிக்காரர் கடன் கொடுப்பதும் அதை நம்பியே. ஆகவே இச்சட்டம் கூலியாளின் சோற்றுப் பானைவரை வந்து சேருகிறது.

தோல் ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்து அக்கரை சேர்ந்ததென்று வைத்துக்கொள்வோம். பழுது வெளிப்பார்வைக்குத் தெரியாதிருப்பின், சரக்கைப் பெற்றவர் 3 தினங்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தவறினால், சரக்கு நல்ல நிலையில் சேர்ந்ததென்றே முதலில் கொள்ளப்படும். வழக்குத் தொடர ஒரு வருஷமே தவணை. கடிதப் போக்குவரத்திலேயே காலத்தைக் கழித்துவிட்டு வக்கீலிடம் ஓடுவதில் பயனில்லை. இவ்விதிகள் பழைய சட்டத்தில் இருந்தவையே; புதியதிலும் அப்படியே நிற்கின்றன.

கப்பலைச் செலுத்துவதில் மாலுமி செய்யும் பிழைக்குக் கப்பற் சொந்தக்காரர் பொறுப்பில்லை என்ற சலுகையும் நீடிக்கிறது. 1978-ல் ஏற்பட்ட ஹாம்பர்க் உடன்படிக்கை அச்சலுகையை ஒழித்தது. இந்தியா அதில் சேரவில்லை. மின்னணுச் சீட்டுக்கும் காகிதச் சீட்டின் மதிப்பை இங்கிலாந்து 2023-ல் சட்டத்தினாலேயே அளித்துவிட்டது. நமது புதிய சரக்குச் சீட்டுச் சட்டமோ அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. கப்பல் துறை சேர்ந்தும் சீட்டு வந்து சேராமல் தவிக்கும் வியாபாரிக்கு இம்மௌனம் ஆறுதலாகுமா?

கடல்வழிச் சரக்குச் சட்டத்தின் அட்டவணையிலுள்ள விதிகளை அறிவிப்பின் மூலமே திருத்தும் அதிகாரம் மத்திய சர்க்காருக்குக் கிடைத்திருக்கிறது. அதை நல்வழியில் உபயோகிக்கலாம். ஆனால் சரக்கு அனுப்புவோரைக் கலந்துகொள்ளாமல் உபயோகிப்பது தகாது. கப்பற் கம்பெனிகளுக்கு வாதாட ஆட்கள் உண்டு. சிறு தோல் வியாபாரிக்கு யார் உளர்?

1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய வ.உ. சிதம்பரம் பிள்ளையும் ஒரு வக்கீலே. கடல் நமதாக வேண்டுமென்று அவர் செக்கிழுத்தார். இன்று நமக்குச் சிறை இல்லை. சட்டத்தைப் படிக்கும் சிரமம் ஒன்றே உண்டு. நமது ஜில்லாவின் வர்த்தக சங்கங்கள் கூடி, தங்கள் குறைகளை எழுதி, பார்லிமெண்டு அங்கத்தினர்களிடம் நேரில் கொடுக்கட்டும். கேளாத உரிமை கிட்டாது.