அடிபட்ட கண்ணை மறக்காதீர்கள்

கண்ணில் அடிபடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. சிறுவர்கள் கிட்டிப்புள் ஆடுகிறார்கள். புள் தெறித்துக் கண்ணில் படுகிறது. வட மாநிலங்களில் இதே ஆட்டத்துக்குக் கில்லி தண்டா என்று பெயர். அங்கும் இதே ஆபத்துதான். ஹோலிப் பண்டிகையில் தண்ணீர் நிரப்பிய பலூன் வேகமாக வந்து கண்ணைத் தாக்குகிறது. தீபாவளியில் பட்டாசு சிதறுகிறது. விறகு பிளப்பவர் கண்ணில் சிலாம்பு தெறிக்கிறது. கல் உடைப்பவர் கண்ணில் கல் பாய்கிறது.

கண் சிவக்கிறது. வலிக்கிறது. சில நாளில் சிவப்பு மறைகிறது. வலியும் போய்விடுகிறது. “சரியாகிவிட்டது” என்று வீட்டில் நிம்மதி அடைகிறார்கள். பிறகு எல்லோரும் அதை மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் சிலருக்கு அந்த அடியின் கேடு உள்ளேயே இருக்கும். 10 ஆண்டு, 20 ஆண்டு கழித்துக்கூட அது பார்வையைப் பறிக்கலாம். இப்படி வருவது கண் நீர் அழுத்த நோய். மருத்துவர்கள் இதைக் கிளாக்கோமா என்பார்கள்.

ஏரியும் மதகும்

ஏரிக்கு நீர் வர கால்வாய் உண்டு. நீர் வெளியேற மதகு உண்டு. மதகு அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? நீர் ஏறும். கரையை அழுத்தும்.

கண்ணும் அப்படித்தான். கண்ணுக்குள் தெளிந்த நீர் ஒன்று ஓயாமல் ஊறுகிறது. இது கண்ணீர் அல்ல. கண்ணீர் வெளியே வழியும். இந்த நீர் உள்ளேயே ஊறி, உள்ளேயே வடிந்து, இரத்தத்தில் கலந்துவிடும். கருவிழியின் ஓரத்தில், உள்பக்கமாக, சல்லடை போன்ற வடிகால் இருக்கிறது. நீர் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் வடிகிறது.

வடிகால் கெட்டால் நீர் தேங்கும். கண்ணுக்குள் அழுத்தம் கூடும். கண்ணின் பின்புறம் பார்வை நரம்பு இருக்கிறது. நாம் பார்ப்பதை மூளைக்குக் கொண்டுபோவது இதுதான். கூடிய அழுத்தம் இந்த நரம்பைச் சிறிது சிறிதாக அழிக்கிறது.

அடி என்ன செய்கிறது?

பலமான அடி பட்டால் கண்ணுக்குள் இரத்தம் கசியலாம். அந்த இரத்தம் சல்லடையை அடைத்துக்கொள்ளும். உடனே அல்லது சில நாளில் அழுத்தம் ஏறும். அப்போது வலியும் மங்கலும் இருக்கும்.

இன்னொரு கேடும் உண்டு. அடியின் வேகத்தில் வடிகால் பகுதி கிழிந்து போகலாம். கிழிந்த இடம் ஆறும்போது தழும்பு விழும். தழும்பு விழுந்த இடத்தில் நீர் சரியாக வடியாது. அழுத்தம் பல ஆண்டுகளில் மெல்ல ஏறும். இப்படி எல்லோருக்கும் வருவதில்லை. யாருக்கு வரும் என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது.

ஏன் தெரிவதில்லை?

மெல்ல வரும் நோயில் வலி இருக்காது. சிவப்பும் இருக்காது. முதலில் ஓரப் பார்வை குறையும். நேர்ப் பார்வை கடைசி வரை இருக்கும். ஒரு கண்ணின் குறையை மறு கண் மறைத்துவிடும். அதனால் நோய் முற்றிய பிறகே பலருக்குத் தெரிகிறது.

அடிபட்டவுடன் செய்ய வேண்டியது

• கண்ணைக் கசக்கக் கூடாது. அழுத்தக் கூடாது.
• ஏதாவது குத்தி நின்றால் பிடுங்கக் கூடாது. கழுவவும் கூடாது. காகிதக் குவளையைக் கண்ணில் படாமல் மூடி, மருத்துவமனைக்குப் போக வேண்டும்.
• சுண்ணாம்போ அமிலமோ பட்டால் உடனே சுத்தமான நீரால் கழுவ வேண்டும். இமையைத் திறந்து, அரை மணி நேரமாவது கழுவ வேண்டும். பிறகு மருத்துவரிடம் ஓட வேண்டும்.
• தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு எதுவும் விடக் கூடாது.
• கடையில் கேட்டுச் சொட்டு மருந்து வாங்கக் கூடாது. ஸ்டீராய்டு கலந்த மருந்து சிலருக்கு அழுத்தத்தை ஏற்றிவிடும்.
• வலி குறைந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஆறிய பிறகு செய்ய வேண்டியது

பலமான அடிபட்டவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது கண் அழுத்தம் பார்க்க வேண்டும். இது இரத்த அழுத்தம் அல்ல. கையில் பட்டை சுற்றிப் பார்ப்பது வேறு. கண் அழுத்தத்தைக் கண்ணில்தான் பார்ப்பார்கள். சில நிமிடத்தில் முடிந்துவிடும். பொதுவாக 10 முதல் 21 வரை இருக்கும். நரம்பையும் வடிகாலையும் மருத்துவர் சோதிப்பார். மாவட்ட அரசு மருத்துவமனைக் கண் பிரிவில் இதைக் கேட்கலாம்.

“சின்ன வயதில் இந்தக் கண்ணில் அடிபட்டது” என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவர் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும்.

நோய் இருந்தால் சொட்டு மருந்து தருவார். தினமும் விட வேண்டும். வலி இல்லையே என்று நிறுத்தினால் அழுத்தம் மறுபடி ஏறும். மருந்து போதாவிட்டால் அறுவை சிகிச்சை செய்து நீர் வடிய புது வழி அமைப்பார்கள்.

போன பார்வையை எந்தச் சிகிச்சையும் திருப்பித் தராது. கண்ணாடியாலும் வராது. இருக்கும் பார்வையைக் காக்கலாம். அதனால்தான் முன்கூட்டியே பார்க்க வேண்டும்.

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் வீட்டில் யாருக்காவது எப்போதாவது கண்ணில் பலமான அடிபட்டதா?
2. அவர் கண் அழுத்தம் பார்த்தாரா?
3. பார்க்கவில்லை என்றால், எப்போது அழைத்துப் போகப் போகிறீர்கள்?