நானோபடிக உலோகங்களின் மணி எல்லை: அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு தரும் சான்று

முன்னுரை

படிகமணிகள் 100 நானோமீட்டருக்கும் சிறியனவாக அமைந்த உலோகம் நானோபடிக உலோகம் எனப்படும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் அலுமினியம், இரும்பு, டைட்டானியம், குரோமியம், துத்தநாகம், செம்பு ஆகிய ஆறும் கலந்த இத்தகைய கலப்புலோகம் பந்து அரைவை முறையில் ஆக்கப்பெற்று, 2008இல் அறிவிக்கப்பட்டது. மணிகள் சிறுகச் சிறுக எல்லையின் பங்கு பெருகும். எல்லையின் தடிப்பை 1 நானோமீட்டர் எனக் கொண்டால், 100 நானோமீட்டர் மணியில் 3 விழுக்காட்டு அணுக்களும் 10 நானோமீட்டர் மணியில் 27 விழுக்காட்டு அணுக்களும் எல்லையில் அமையும். அவை ஒழுங்குடையனவா என்பது 1980கள் முதல் விவாதிக்கப்பட்ட வினா. எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு முழுப் பொருளின் சராசரியையே முதன்மையாகக் காட்டும். அணுக்கருக் காந்த ஒத்ததிர்வோ ஒவ்வோர் அணுக்கருவின் அண்மைச் சூழலையும் உணர்த்தும்.

செம்பின் சான்று

செம்பின் 63, 65 ஆகிய இரு ஐசோடோப்புகளின் தற்சுழற்சியும் 3/2 ஆகும். இரண்டும் நான்முனைத் திருப்புத்திறன் உடையன. குறையற்ற கனசதுரப் படிகத்தில் அணுக்கருவின் இடத்தில் மின்புலச் சரிவு இல்லை. எனவே மூன்று நிலைமாற்றங்களும் ஒரே அதிர்வெண்ணில் அமைந்து ஒரே கோடாகத் தோன்றும். அவற்றின் செறிவு விகிதம் 3:4:3. எல்லையில் சமச்சீர் குலைவதால் மின்புலச் சரிவு தோன்றும். பக்கக் கோடுகள் இரண்டும் பரந்து மறையும். மொத்தச் செறிவில் நடுக்கோட்டுக்குரிய 40 விழுக்காடே எஞ்சும். சரிவு மேலும் மிகுந்தால் நடுக்கோடும் அகலும். உலோகங்களில் இவ்விளைவைப் புளூம்பெர்கனும் ரோலண்டும் 1953இல் ஆராய்ந்தனர்.

அளவீட்டில் கருத வேண்டியவை

இம்முறையில் சான்றாவது காணும் கோடு மட்டுமன்று. காணாமற்போன செறிவும் சான்றேயாகும். ஆயினும் அவ்விழப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. முதலாவது, 100 மெகாஹெர்ட்ஸ் அலை செம்பினுள் ஏறத்தாழ 6.6 மைக்ரோமீட்டரே ஊடுருவும். மணி சிறிதாயினும் தூள்துகள் பெரிதாயின் உட்பகுதி அளவீட்டில் இடம்பெறாது. இரண்டாவது, எஃகுப் பந்துகளிலிருந்து கலக்கும் இரும்பு கோட்டை அகலப்படுத்தும். மூன்றாவது, அரைவையால் மணிக்குள் விளையும் திரிபும் மின்புலச் சரிவை உண்டாக்கும்.

ஆதலின் ஒத்த துகளளவுள்ள, சூடேற்றி மெல்லக் குளிர்வித்த செம்புத்தூளுடன் செறிவை ஒப்பிடுதல் வேண்டும். பின்னர் மாதிரியைப் படிப்படியாகச் சூடேற்றி, ஒவ்வொரு படியிலும் மணியளவையும் செறிவையும் அளத்தல் தகும். இழப்பு மணியளவின் தலைகீழ் மதிப்புக்கேற்பக் குறையுமாயின், அது எல்லையால் நேர்ந்தது எனக் கொள்ள இடமுண்டு.

முடிவுரை

எனவே செறிவிழப்பு ஒன்றைக்கொண்டே எல்லை ஒழுங்கற்றது என முடிவு கட்டுதல் பொருந்தாது. ஒழுங்குள்ள எல்லையிலும் கனசதுரச் சமச்சீர் குலைந்தே இருக்கும். விளிம்பு விளைவும் ஒத்ததிர்வும் ஒன்றையொன்று சரிபார்க்கும்போதே எல்லையைப் பற்றிய முடிவு உறுதிபெறும்.