எலும்பில் தொடங்கிய சறுக்கு விளையாட்டு

குளிர் நாடுகளில் ஏரிகள் உறைந்ததும் சிறுவர் முதல் முதியோர் வரை எஃகுத் தகடு பொருத்திய காலணிகளை மாட்டிக்கொண்டு சறுக்கக் கிளம்பிவிடுகிறார்கள். இவ்விளையாட்டின் முதற்கருவி எது தெரியுமா? குதிரை, மாடு ஆகியவற்றின் கால் எலும்பு!

எலும்பின் ஒரு பக்கத்தைத் தட்டையாகத் தேய்த்துக் காலடியில் கட்டிக்கொண்டார்கள். 12-ஆம் நூற்றாண்டில் லண்டன் நகரைப் பற்றி எழுதிய வில்லியம் ஃபிட்ஸ்டீபன், நகருக்கு வடக்கே இருந்த சதுப்பு நிலம் உறைந்ததும் இளைஞர்கள் எலும்புகளைக் கட்டிக்கொண்டு, இரும்பு முனை வைத்த கோலை ஊன்றி அம்பு போல் பாய்ந்ததை விவரிக்கிறார். மோதி விழுந்து கை கால் முறிந்ததையும் அவர் மறைக்கவில்லை.

கோல் எதற்கு? எலும்புக்குக் கூர்விளிம்பு இல்லை. காலால் உதைத்தால் வழுக்குமே தவிர, முன்னே தள்ளும் எதிர்விசை கிடைக்காது. பின்னர் ஹாலந்தில் மரக்கட்டையில் இரும்புத் தகட்டைப் பொருத்தினார்கள். விளிம்பு பனிக்கட்டியில் பதிந்ததால் பக்கவாட்டில் உதைத்தே முன்னேற முடிந்தது. கோல் தேவையற்றுப் போயிற்று, கைகள் விடுபட்டன. இன்றைய சறுக்கு நடனத்துக்கு வித்திட்டது இந்த விளிம்புதான் என்பேன்.

சரி, பனிக்கட்டி ஏன் வழுக்குகிறது? "அழுத்தத்தால் உருகுநிலை குறைகிறது, தகட்டின் கீழ் பனிக்கட்டி உருகுகிறது" என்று மாணவர்கள் சட்டென விடை சொல்வார்கள். கணக்கிட்டுப் பாருங்கள். 60 கிலோகிராம் எடையுள்ளவர் 20 செ.மீ. நீளமும் 3 மி.மீ. அகலமும் உள்ள தகட்டின் மேல் நிற்கிறார். பரப்பு 6 சதுர செ.மீ.; அழுத்தம் ஏறத்தாழ 10 வளிமண்டலம். உருகுநிலை ஒரு டிகிரி குறையவோ சுமார் 130 வளிமண்டல அழுத்தம் வேண்டும்! ஆகவே குறைவது 0.1 டிகிரி கூட இல்லை. சுழியத்துக்குக் கீழே 10 டிகிரியிலும் சறுக்குகிறார்களே, அதற்கு இது போதுமா?

1850-இல் மைக்கேல் ஃபாரடே வேறொரு கருத்தைச் சொன்னார்: உருகுநிலைக்குக் கீழேயும் பனிக்கட்டியின் மேற்பரப்பில் நீர் போன்ற மெல்லிய படலம் இருக்கிறது. மேற்பரப்பு மூலக்கூறுகளுக்கு மேலே பிணைப்புத் தர அண்டை மூலக்கூறுகள் இல்லை. எனவே அவை இளகி அசைகின்றன. சறுக்கும்போது எழும் உராய்வு வெப்பமும் சேர்ந்து கொள்கிறது. இதன் பங்கை 1939-இல் பௌடனும் ஹியூஸும் சோதனையால் காட்டினார்கள்.

குளிர் மிகமிகக் கடுமையானால் இவ்விரண்டும் கைகொடுப்பதில்லை. 1911-இல் அண்டார்க்டிகாவின் குளிர்கால இருளில் சறுக்கு வண்டி இழுத்த ஆங்கிலேயர் மூவருக்குப் பனித்தரை மணல்வெளியாகவே தோன்றிற்று.