பொருள் உறவுகளை முன்னுள்ள தரவுத்தள அட்டவணைகளோடு பொருத்துதல்: புலவர் பெயரடைவை முன்வைத்து

முன்னுரை

நிறுவன மென்பொருள்கள் பல, முன்னரே பயன்பாட்டிலுள்ள தரவுத்தளங்களின்மீது அமைக்கப்படுகின்றன. அத்தளங்களைப் பிற நிரல்களும் பயன்படுத்துவதால் அவற்றின் அட்டவணைகளை விரும்பியவாறு மாற்ற இயலாது. ஆப்ஜெக்ட் எனப்படும் நிரற்பொருள்களின் உறவுகளை அத்தகைய அட்டவணைகளோடு பொருத்தும் முறையையும், தமிழாய்வுத் தரவுகளில் அதனால் நேரும் விளைவையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இருவேறு அமைப்புகள்

எட்கர் காட் 1970இல் முன்வைத்த தொடர்புசார் மாதிரியில் உறவுகள் மதிப்புகளால் உணர்த்தப்படுகின்றன. பாடல் அட்டவணையின் ஒவ்வொரு வரிசையும் புலவரின் அடையாள எண்ணை அயல் திறவாகத் தாங்கி நிற்கும். பொருள்நோக்கு நிரலாக்கத்திலோ 'புலவர்' என்னும் பொருள் தம் பாடல்களின் தொகுதியைத் தன்னகத்தே கொண்டிருக்கலாம். உறவு ஒன்றே, அது சுட்டும் திசை வேறு. ஜாவா மொழிக்குரிய ஹைபர்னேட் முதலிய கருவிகள் இவ்விரண்டையும் இணைக்கின்றன. எந்த நெடுவரிசை எந்தப் பொருளைச் சுட்டும் என நிரலர் அறிவிப்பின், அதற்குரிய வினவல்களைக் கருவியே அமைத்துக்கொள்ளும்.

பெயரே திறவாகும்போது

பழைய அட்டவணைகள் சிலவற்றில் அயல் திறவு இராது. நூலகம் ஒன்றன் பாடலடைவில் நூற்பெயர், பாடல் எண், ஆசிரியர் பெயர் ஆகிய மூன்று நெடுவரிசைகளே உள்ளன எனக் கொள்வோம். ஆசிரியர் பெயரையே திறவாக அறிவித்தால் நிரல் தடையின்றி இயங்கும். அது தரும் விடையோ பிழைபடும். ஐங்குறுநூற்றின் குறிஞ்சிப் பகுதியையும் பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்தையும் பாடிய கபிலரும், இன்னா நாற்பதின் ஆசிரியராகிய கபிலரும் ஒருவராகிவிடுவர். இவ்விருவரும் வேறானவர் என்பதே அறிஞர் பலரின் கருத்து. மேலும், சங்கப் பாடல்களுள் 102 பாடல்களுக்கு ஆசிரியர் பெயர் தெரியவில்லை என்பது வழக்கிலுள்ள கணக்கு. அவற்றுக்கு நேரே 'பெயர் தெரியவில்லை' எனப் பதிந்திருப்பின், அத்தொடரே 102 பாடல்களைப் பாடிய ஒரு புலவராக உருப்பெறும்.

இணைப்பு அட்டவணை

பழைய அடைவைத் திருத்தாமலே இதற்குத் தீர்வு காணலாம். புலவர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் வழங்கும் புதிய அட்டவணை ஒன்றும், பாடலையும் அவ்வெண்ணையும் சேர்க்கும் இணைப்பு அட்டவணை ஒன்றும் தேவை. நூற்பெயரும் பாடல் எண்ணும் சேர்ந்த கூட்டுத் திறவு பாடலை அடையாளங்காட்டும். பெயர் தெரியாத பாடலுக்கு இணைப்பு வரிசை இராது. எனவே அதன் புலவர் தொகுதி வெறுமையாக அமையும். திருமுருகாற்றுப்படையையும் நெடுநல்வாடையையும் பாடிய நக்கீரர் ஒருவரா, இருவரா என்பது போன்ற கருத்து வேறுபாடுகளையும் இவ்வட்டவணை தாங்கும். ஒரே பாடலுக்கு இரு வரிசைகள் அமைத்து, ஒவ்வொன்றும் எக்கொள்கையின்பாற்பட்டது என்பதைத் தனி நெடுவரிசையில் குறிக்கலாம்.

முடிவுரை

பொருத்தக் குறிப்பு ஒரே வரியில் எழுதப்படுவதாயினும், யார் எதைப் பாடினார் என்னும் ஆய்வு முடிவு அதனுள் அடங்கியுள்ளது. பெயரைத் திறவாக்கும் நிரலர், தாம் அறியாமலே அம்முடிவை எடுத்துவிடுகிறார். அடைவைப் பயன்படுத்துவோர்க்கும் அது முடிவெனத் தோன்றாது, தரவெனவே தோன்றும். எனவே, திறவைத் தெரிவுசெய்யும் நிலையிலேயே தமிழாய்வாளரின் பங்களிப்பு இன்றியமையாததாகிறது.