எஞ்சின் திறன் கூட்டலும் மாற்று டயர் தெரிவும்: ஓர் ஒருங்கிணைந்த விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

கார் ஆர்வலர்கள் தம் வாகனத்தில் விரும்பிச் செய்யும் மாற்றங்களுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று எஞ்சினின் திறனைக் கூட்டுதல்; மற்றொன்று தேய்ந்த டயர்களுக்கு மாற்றாகப் புதியவற்றைத் தெரிவு செய்தல். இவை பெரும்பாலும் தனித்தனிப் பொருள்களாகவே பேசப்படுகின்றன. எஞ்சின் தரும் விசை எவ்வளவாயினும் அது சாலையைச் சென்றடைவது டயரின் தொடுபரப்பு வழியாகவே ஆகும். ஆதலின் இவ்விரண்டும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள் என்பதை எளிய கணக்கீடுகளின் துணையுடன் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: முறுக்குவிசை, டர்போ, உராய்வுக் கெழு, தொடுபரப்பு, பக்கச்சுவர்க் குறியீடு, நிறுத்தத் தொலைவு.

முன்னுரை

சென்னையை அடுத்த சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயங்கள் நடைபெற்ற காலந்தொட்டு, வாகனத்தைத் தம் விருப்பத்திற்கேற்பச் செப்பம் செய்யும் ஆர்வலர் மரபு தமிழகத்தில் இருந்து வருகிறது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடமும், கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் எஸ். கரிவரதன் பெயரால் வழங்கும் தடமும் அம்மரபின் தொடர்ச்சியாகும். கார்பரேட்டரின் ஜெட்டை மாற்றுவதும் ‘டைமிங்’ வைப்பதும் அன்று மெக்கானிக்கின் கைத்திறனைச் சார்ந்திருந்தன. இன்று அப்பணி மடிக்கணினிக்கு மாறியுள்ளது. சில மணி நேரத்தில் எஞ்சினின் இயல்பையே மாற்றிவிட முடிகிறது.

பந்தயத் தடத்தில் பிடிமானம் தவறினால் வண்டி ஓடி நிற்க மண்வெளி உண்டு. பொதுச் சாலையிலோ எதிரே வருவது பேருந்தாகவோ மிதிவண்டியில் செல்லும் சிறுவனாகவோ இருக்கலாம். எனவே, கூட்டப்பட்ட திறனைத் தாங்கும் ஆற்றல் டயருக்கு உண்டா என்னும் வினா உயிரோடு தொடர்புடையது. இந்திய ஆர்வலரிடையே பெயர்பெற்ற ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. காரை இக்கட்டுரை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

எஞ்சின் திறன் கூடும் முறை

எஞ்சினின் திறன், அது உள்ளிழுக்கும் காற்றின் நிறையைப் பொறுத்தது. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். ஆகவே, கூடுதல் காற்று இன்றிக் கூடுதல் எரிபொருளை மட்டும் செலுத்துவதால் பெரும்பயன் இல்லை. டர்போ இல்லாத எஞ்சின் தன் உருளைகளின் கொள்ளளவுக்கேற்பவே காற்றை இழுக்கும். எனவே மென்பொருள் மாற்றத்தால் அதற்குக் கிடைக்கும் பயன் மிகச் சிறிது. டர்போ எஞ்சினிலோ காற்றழுத்தத்தின் அளவை மென்பொருளே கட்டுப்படுத்துகிறது. அவ்வளவை உயர்த்தி, தீப்பொறி நேரத்தையும் எரிபொருள் அளவையும் அதற்கேற்பத் திருத்தினால் 20 முதல் 30 விழுக்காடு வரை முறுக்குவிசை கூடுவதுண்டு.

இதற்கு இரண்டு வரம்புகள் உள்ளன. முதலாவது ‘நாக்கிங்’ எனப்படும் தட்டல். அழுத்தமும் வெப்பமும் மிகும்போது தீப்பொறியின் சுடர் சென்றடைவதற்கு முன்பே எஞ்சிய கலவை தானே வெடித்து எரிகிறது. இது தொடருமாயின் பிஸ்டன் சேதமுறும். உயர் ஆக்டேன் பெட்ரோலை நம்பி அமைக்கப்பட்ட மென்பொருளுடன் குறைந்த ஆக்டேன் பெட்ரோலைப் பயன்படுத்துவது இவ்விடரை வரவழைப்பதாகும். இரண்டாவது வரம்பு கியர்பெட்டி. எடுத்துக்காட்டுக் காரின் 1.2 லிட்டர் எஞ்சின் ஆலையிலிருந்து வரும்போது 105 குதிரைத்திறனும் 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருவது. அதனுடன் இணைந்த ஏழு வேக இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டியின் தாங்குதிறன் 250 நியூட்டன் மீட்டர். 30 விழுக்காடு கூட்டினால் முறுக்குவிசை ஏறத்தாழ 230 ஆகிறது. வரம்புக்குள் இருப்பினும் பாதுகாப்பு இடைவெளி பெரிதும் சுருங்கிவிடுகிறது.

கூடிய விசையும் டயரின் எல்லையும்

சக்கரம் சாலையைத் தள்ளும் விசை, முறுக்குவிசையைக் கியர் விகிதத்தால் பெருக்கிச் சக்கரத்தின் ஆரத்தால் வகுக்கக் கிடைக்கும். டயர் தாங்கும் விசை, அதன்மேல் அமைந்த எடையை உராய்வுக் கெழுவால் பெருக்கக் கிடைக்கும். 1,100 கிலோ எடையுள்ள முன்சக்கர இயக்கக் காரில் 660 கிலோ முன்பக்கம் அமைவதாகவும், ஒரு கியரில் மொத்த விகிதம் 8 என்றும், சக்கர ஆரம் 0.30 மீட்டர் என்றும் கொள்வோம்.

175 நியூட்டன் மீட்டரில் சக்கர விசை ஏறத்தாழ 4,670 நியூட்டன். 230 நியூட்டன் மீட்டரில் அது 6,130 நியூட்டன். உலர்ந்த சாலையின் உராய்வுக் கெழுவை 0.8 எனக் கொண்டால் டயர் தாங்குவது 5,180 நியூட்டன். ஈரச் சாலையில் அதனை 0.5 எனக் கொண்டால் 3,240 நியூட்டன். அதாவது, ஆலை அளவில் உலர்ந்த சாலையின் எல்லைக்குள் நின்ற அதே கார், திறன் கூட்டப்பட்டபின் அவ்வெல்லையைக் கடக்கிறது. ஈரச் சாலையிலோ ஆலை அளவிலேயே கடந்துவிடுகிறது. முடுக்கத்தின்போது எடை பின்னோக்கிப் பெயர்வதால் முன்சக்கரங்களின் உண்மைப் பிடிமானம் இதனினும் குறைவே. பணம் செலவிட்டுப் பெற்ற விசை சக்கரத்தை வீணே சுழற்றுவதில் கழிகிறது. திருப்பத்தில் இது நிகழுமாயின் ஸ்டியரிங்கிற்கு வண்டி கட்டுப்படாமல் நேராகச் செல்லும்.

அகலமான டயர் குறித்த கருத்து

இக்குறையைத் தீர்க்க அகலமான டயர் பூட்டினால் போதும் என்பது பரவலான கருத்து. தொடுபரப்பின் அளவு, டயர் சுமக்கும் எடையையும் அதன் காற்றழுத்தத்தையுமே பெரிதும் சார்ந்தது. ஒரு சக்கரம் 300 கிலோ சுமந்து, அழுத்தம் 32 பி.எஸ்.ஐ. ஆக இருப்பின் தொடுபரப்பு ஏறத்தாழ 130 சதுர சென்டிமீட்டர், அதாவது ஓர் உள்ளங்கை அளவு. அகலம் கூடும்போது இப்பரப்பின் வடிவம் குறுகி அகல்கிறது. அளவு பெரிதாக மாறுவதில்லை. வடிவ மாற்றம் திருப்பங்களில் பயன் தரும். ஆனால் மழைநீர் தேங்கிய சாலையில் அகலமான டயர் நீரை வெளியேற்றத் திணறி, குறைந்த வேகத்திலேயே நீர்மேல் மிதக்கத் தொடங்கும். பிடிமானத்தை அகலத்தினும் மிகுதியாகத் தீர்மானிப்பவை ரப்பர்க் கலவையின் தன்மையும், வழக்கில் ‘பட்டன்’ எனப்படும் மேற்பரப்பு வரிப்பள்ளத்தின் ஆழமுமே ஆகும்.

பக்கச்சுவர்க் குறியீட்டை வாசித்தல்

185/60 R15 84H என்னும் குறியீட்டில் 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். 60 என்பது அகலத்தில் பக்கச்சுவர் உயரத்தின் விழுக்காடு. 15 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். 84 என்பது ஒரு டயர் 500 கிலோ சுமக்கும் என்பதையும், H என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் தாங்கும் என்பதையும் குறிக்கும். T எனில் 190. V எனில் 240. மாற்று டயரின் சுமை எண்ணும் வேகக் குறியும் ஆலை அளவைவிடக் குறையலாகாது.

விட்டமும் ஒத்திருத்தல் வேண்டும். 185/60 R15 டயரின் முழு விட்டம் 603 மில்லிமீட்டர். 195/55 R15 எனில் 595.5, ஏறத்தாழ 1.2 விழுக்காடு குறைவு. 195/60 R15 எனில் 615. 2 விழுக்காடு மிகுதி. பின்னதைப் பூட்டினால் வேகமானி முன்பு காட்டியதைவிட 2 விழுக்காடு குறைத்துக் காட்டும். சக்கர ஆரம் கூடுவதால் சாலையைத் தள்ளும் விசையும் அதே அளவு குறையும். எஞ்சினில் கூட்டியதன் ஒரு பகுதியை டயரில் இழப்பது இவ்வாறே.

பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண் உற்பத்திக் காலத்தைக் காட்டும். 2324 எனில் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். தள்ளுபடியில் விற்கப்படும் டயரில் முதலில் நோக்க வேண்டியது இவ்வெண்ணே. பட்டனின் பள்ளங்களுக்குள் அமைந்த தேய்மான மேடுகளின் உயரம் 1.6 மில்லிமீட்டர்; பட்டன் அம்மட்டத்திற்குத் தேய்ந்தால் டயரை மாற்றியாக வேண்டும். இரண்டு டயர்களை மட்டும் மாற்றும் நிலையில் புதியவற்றை முன்சக்கரங்களில் பூட்டுவதே ஆர்வலர் பலரின் வழக்கம். டயர் உற்பத்தியாளர்களின் பரிந்துரை இதற்கு மாறானது. முன்சக்கர இயக்கக் காராயினும் புதியவை பின்னால் அமைதல் வேண்டும். முன்சக்கரம் வழுக்கினால் ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தி மீளலாம். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். அதனை மீட்பது பெரும்பாலோர்க்கு இயலாது.

நிறுத்தத் தொலைவும் சட்டமும்

எஞ்சின் திறன் கூடுவதால் வண்டி வேகம் பெறும் காலம் குறைகிறது. நிற்கும் தொலைவு குறைவதில்லை. மேற்கண்ட உராய்வுக் கெழுக்களின்படி, பிரேக் பிடித்தபின் 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க உலர்ந்த சாலையில் ஏறத்தாழ 49 மீட்டரும் ஈரச் சாலையில் 79 மீட்டரும் தேவை. 120 கிலோமீட்டர் வேகத்தில் இவை 71, 113 மீட்டர்களாகின்றன. வேகம் 20 விழுக்காடு கூட, தொலைவு 44 விழுக்காடு கூடுகிறது.

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளரின் மூல அளவைகளுக்கு மாறாக வாகனத்தைத் திருத்துவதைக் கட்டுப்படுத்துகிறது. உச்ச நீதிமன்றம் 2019ஆம் ஆண்டுத் தீர்ப்பில் இதனை உறுதிசெய்துள்ளது. பந்தயத் தடத்திற்கெனத் தனி வண்டி வைத்திருப்போர் நிலை வேறு. நாள்தோறும் சாலையில் ஓடும் காரின் எஞ்சினைத் திருத்துவோர், காப்பீட்டு இழப்பீடு மறுக்கப்படும் வாய்ப்பையும் கருதுதல் வேண்டும்.

முடிவுரை

எஞ்சின் விசையைத் தருகிறது. டயர் அதற்கு எல்லை வகுக்கிறது. ஆகவே டயரையும் பிரேக்கையும் முதலில் செப்பம் செய்து, எஞ்சினைப் பற்றி அதன்பின் எண்ணுவதே முறையான வரிசையாகும். சரியான அளவும் புதிய உற்பத்திக் காலமும் நல்ல ஈரப் பிடிமானமும் கொண்ட நான்கு டயர்களால் விரைவு, திருப்பம், நிறுத்தம் ஆகிய மூன்றும் மேம்படும். மென்பொருள் மாற்றமோ முதலாவதற்கு மட்டுமே உதவும். குறைந்த பணம் கையில் உள்ள ஆர்வலர் எதில் தொடங்குவது என வினவின், தேய்ந்த டயர்களை மாற்றுவதில் தொடங்குக என்பதே மேற்கண்ட கணக்கீடுகள் தரும் விடையாகும்.